ஐயா தெரிவித்த நாற்பத்தொரு கருத்துகள்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். குடிநீர் வாரியத்தில் முப்பது ஆண்டு பொறியாளராக இருந்த உங்களை எங்கள் நாளிதழில் எல்லோரும் 'தண்ணீர் ஐயா' என்றுதான் சொல்வோம். நகரத்தில் எந்தக் குழாய் உடைந்தாலும் முதலில் உங்கள் கருத்தைத்தான் போடுவோம்.

நான் அந்த நாளிதழின் நிருபர். நிருபராகி ஆறு நாள்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பக்கம் கட்டியவள். மற்றவர்கள் எழுதித் தருவதை அளந்து, வெட்டி, பக்கத்துக்குள் உட்கார வைக்கிற வேலை. டிசம்பரில் அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. என்னை 'எல்லோருக்கும் இடம்' என்ற புதிய திட்டத்தில் மேல்தளத்துக்கு அனுப்பினார்கள். இதுவரை பத்திரிகைக்குள் வராதவர்களை நிருபராக்குவதாம். மொத்தம் ஐந்து பேர் இருக்கிறோம்.

எங்களுக்கு எப்படி வேலை பிரித்தார்கள் தெரியுமா? சக்கர நாற்காலியில் வரும் தோழிக்குச் சாய்தளம் பற்றிய செய்தி. சலவைத் தொழிலாளியின் மகனுக்குச் சலவைக் கூலி பற்றிய செய்தி. கண் தெரியாத நண்பரைக் கண் மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு அனுப்பினார்கள். எனக்குத் திக்குவாய். ஆகவே 'பேச்சுப் பயிற்சி மையங்கள்: ஒரு பார்வை'.

நான் மாட்டேன் என்றேன். அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமானது. ஆசிரியர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வேற என்ன எழுதுவீங்க?" என்றார். 'நாம் யாரிடம் கருத்துக் கேட்கிறோம்?' என்று தாளில் எழுதிக் காட்டினேன். மார்ச் முடிவுக்குள் ஒரு முழுப்பக்கக் கட்டுரை தரவேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீடு. திரும்பிப் போகக் கீழ்த்தளத்தில் என் மேசையும் இல்லை.

இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டினேன். நாங்கள் கருத்துக் கேட்பது பதினொரு பேரிடம் மட்டும். அத்தனை பேரும் ஆண்கள். அதில் எட்டுப் பேர் ஒரே மன்றத்தில் சீட்டாடுகிறவர்கள். நீங்கள் அந்த மன்றத்தில் இல்லை, ஆனால் நாற்பத்தொரு முறை வந்திருக்கிறீர்கள். எங்களுக்கு உங்களை எப்படித் தெரிந்தது? உங்களைத் தவிர வேறு யாரை நாங்கள் கேட்டிருக்க வேண்டும்?

தொழில் பழக்கத்தில் இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பெல்லாம் உங்கள் கருத்து மூன்று வரிக்கு மேல் போகாது. பக்கம் கட்டுகிறவர்களுக்கு நீங்கள் தெய்வம். இரண்டு ஆண்டாகப் பதினொரு வரி வருகிறது, நடுவில் ஓர் உதாரணத்தோடு. 'குழாய்க் கசிவு கடைசி பெஞ்சில் தொடங்கும் பேச்சைப் போன்றது. அடக்காவிட்டால் முன் பெஞ்சுக்கு வந்துவிடும்' என்று ஒரு முறை சொன்னீர்கள். வெட்டவே மனம் வரவில்லை. விளம்பரத்தைச் சுருக்கிவிட்டு அதை முழுதாகப் போட்டேன்.

நான் தொலைபேசியில் பேசுவதில்லை. கடிதத்தில் எனக்குத் திக்காது. பதில் வேண்டும்.

இப்படிக்கு,
நிருபர் (ஆறு நாள்)


ஜனவரி 11

அன்புள்ள நிருபர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐயா பதில் எழுதும் நிலையில் இல்லை. நான் அவர் மனைவி. முப்பத்தொரு ஆண்டு பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அவர் சார்பில் எழுதுகிறேன்.

வேறு யாரைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் கேள்வி கேட்டால் முதல் பெஞ்சில் நான்கு கை உயரும். தினமும் அந்த நால்வரையே எழுப்பினால் பாடம் சீக்கிரம் முடியும், வகுப்புக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் நமக்கு வந்துவிடும். கை தூக்காதவனுக்குத்தான் பல சமயம் விடை தெரிந்திருக்கும். ஆகவே வடக்கு நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்கும் பெண்ணைக் கேளுங்கள். தண்ணீர் லாரி ஓட்டுநரைக் கேளுங்கள். தெருக்குழாயில் வரிசையில் நிற்கிறவர்களையும் கேளுங்கள். நீரின் அழுத்தம் எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு குறையும் என்று அவர்களால் சொல்ல முடியும்.

கருத்து நீண்டுபோனது பற்றி: வயதானால் பேச்சு வளர்வது இயல்பு. விளம்பரத்தைச் சுருக்கியதற்கு நன்றி.

வீட்டுக்கு வரவேண்டாம். ஐயாவைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.

அன்புடன்,
டீச்சர்


ஜனவரி 19

டீச்சர் அவர்களுக்கு,

நேற்று உங்கள் வாசலில் வந்து நின்றவள் நான்தான். அழைப்பு மணியை அடித்துவிட்டு "ஐ... ஐ..." என்று நின்றேனே, அவள்.

ஒன்று சொல்லவேண்டும். நான் திக்கினால் எதிரில் இருப்பவர்கள் என் வார்த்தையை அவர்களே முடித்துவிடுவார்கள். தலைமை நிருபர் நான் 'வி' என்று தொடங்கியதுமே "விடுப்பா? எடுத்துக்கோங்க!" என்றார். நான் கேட்க வந்தது விளக்கு. நீங்கள் கதவைப் பிடித்தபடி, எந்த அவசரமும் இல்லாதவர் போல, நான் முடிக்கும்வரை நின்றீர்கள். "ஐயா இருக்காரா?" என்று கேட்டேன். "உள்ள வாங்கம்மா" என்றீர்கள். வந்தேன்.

பக்கம் கட்டியவளுக்கு எங்கே போனாலும் முதலில் எண்கள்தான் கண்ணில் படும். கூடத்துச் சுவரில் ஐயாவின் படம். படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள். ஒரு தேதி இருந்திருந்தால் உட்கார்ந்து நீங்கள் தந்த தேநீரைக் குடித்திருப்பேன்.

இரண்டாவது தேதியை என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். நாற்பத்தொரு கருத்தும் அந்தத் தேதிக்குப் பின்னால்.

என் கட்டுரையின் முதல் வரி 'பதினொரு பேரும் ஆண்கள்' என்பது. இப்போது அதுவே பொய்யாகிவிட்டது. பத்துப் பேர் ஆண்கள், ஒருவர் உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டு ஊரையே ஏமாற்றியிருக்கிறீர்கள், டீச்சர். ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்க மாட்டீர்களா?

நிருபர்


ஜனவரி 24

நிருபர் அம்மாவுக்கு,

வெளியே நிறுத்தித்தான் இருப்பேன். ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்ல விட்டிருப்பேன். சொல்கிறேன்.

அவர் போன பதினாறாம் நாள் உங்கள் தலைமை நிருபர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, ஒரு நிமிஷம்! கிழக்குப் பக்கம் தண்ணி செவப்பா வருதாம். ஐயாவக் குடுங்க" என்றார். "ஐயா இல்லீங்க" என்றேன். "வெளிய போயிருக்காரா? அய்யோ, நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுதே! அவர் என்ன சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

எனக்குத் தெரியும். அவருடைய அறிக்கைகளுக்கெல்லாம் முதல் நகல் எழுதியது நான். விடுமுறை நாளெல்லாம் அவரோடு வாய்க்கால் வாய்க்காலாக நடந்திருக்கிறேன். 'துரு' என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். "நன்றிம்மா, ஐயாவுக்கு வணக்கம் சொல்லிடுங்க!" என்று வைத்துவிட்டார். மறுநாள் 'என்று அவர் தெரிவித்தார்' என்று வந்திருந்தது.

அடுத்த முறை உண்மையைச் சொல்லத்தான் இருந்தேன். "தம்பி, ஐயா காலமாகி..." என்று தொடங்கினால், "காலங்காலமா இந்தப் பிரச்சினை இருக்குன்றாரா? சரியாச் சொன்னார்!" என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் முயற்சியை விட்டேன். அந்தக் குற்றம் என்னுடையதுதான். அவர் போன பிறகு அந்தத் தொலைபேசி ஒன்றுதான் இந்த வீட்டில் என்னிடம் ஏதாவது கேட்டது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிழக்குப் பகுதிப் பழைய குழாய்கள் இன்னும் பத்து ஆண்டு தாங்கும் என்பது அவர் கட்சி. தாங்காது என்பது என் கட்சி. இருபது ஆண்டு இதே சண்டை. 'உடனே மாற்றவேண்டும்' என்று அவர் பெயரில் நான் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை என் பேச்சை ஒரு நாளும் கேட்காத மனிதர், போன பிறகு கேட்டார்.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டை இணைத்திருக்கிறேன். அவருடைய மரணச் செய்தி. உங்கள் நாளிதழ், ஒன்பதாம் பக்கம், இடது பத்தி. படத்தோடு அழகாகக் கட்டியிருக்கிறீர்கள்.

டீச்சர்


பிப்ரவரி 2

டீச்சர்,

அந்தத் துண்டைப் பார்த்தேன். ஆமாம், என் கைதான். படத்தைச் சுற்றி அப்படி மெல்லிய கோடு போடுகிறவள் கீழ்த்தளத்தில் நான் ஒருத்திதான். அவர் போன செய்தியையும் நான் கட்டி, அடுத்த இரண்டு ஆண்டு அவர் கருத்தையும் நானே கட்டியிருக்கிறேன். எப்படி என்று யோசித்தேன். விடை வெட்கக்கேடானது. பக்கத்தில் சரியாகப் பொருந்துகிற எதையும் நாங்கள் படிப்பதில்லை. மிஞ்சுவதை மட்டுமே படிப்போம், வெட்டுவதற்காக. உங்கள் கருத்துகள் மிஞ்சின, படித்தேன். ஐயாவின் மரணம் அளவாக இருந்தது.

எங்களில் கண் தெரியாத நண்பர் முன்பு அலுவலகத் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. "ஐயாவா? அந்த நம்பர்ல ரெண்டு வருஷமா ஒரு அம்மா குரல்தானே. நல்லாப் பேசுவாங்க. நான் இணைப்பைக் குடுத்துட்டு வைக்காமக் கேட்டுட்டிருப்பேன்" என்றார். "ஏன் சொல்லல?" என்றேன். "என்னை யாரு கேட்டா?" என்றார்.

டீச்சர், என் கட்டுரை இதுதான். வேறு எதுவும் இல்லை. எழுத அனுமதி தாருங்கள்.

நிருபர்


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம்.

எனக்குப் பயம். முதலில் என் நாத்தனாரை நினைக்கிறேன். நாற்பத்தொரு துண்டையும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். பத்திரிகைக்காரர்கள் அண்ணன் முன்பே சொன்னதை எடுத்து எடுத்துப் போடுகிறார்கள் என்பது அவள் நம்பிக்கை. "அண்ணி, அண்ணன் எவ்வளவு தூரம் யோசிச்சு வச்சிருக்கு பாருங்க, போன வாரம் உடைஞ்ச குழாயைப் பத்திக்கூடச் சொல்லிட்டுப் போயிருக்கு!" என்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது?

இரண்டாவது, கிழக்குக் குழாய்கள். பொறியாளர் சொன்னார் என்று மாற்றினார்கள். புவியியல் டீச்சர் சொன்னது என்று தெரிந்தால்? மீதியுள்ள தெருக்களில் வேலையை நிறுத்திவிட்டால்? உதாரணத்துக்கு, நன்றாக ஓடுகிற வண்டியில் ஏறியவன், ஓட்டுகிறவள் யார் என்று தெரிந்ததும் பயத்தில் குதித்துவிடுவதில்லையா?

உங்கள் வேலை என்னால் கெடும் என்பதும் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

டீச்சர்


பிப்ரவரி 20

டீச்சர்,

சரி. எழுதவில்லை. 'பேச்சுப் பயிற்சி மையங்கள்: ஒரு பார்வை' எழுதுகிறேன். மூன்று மையங்களுக்குப் போய்வந்தேன். மூன்றிலும் என்னை நோயாளி என்று நினைத்துப் படிவம் கொடுத்தார்கள். ஒன்றில் பூர்த்தி செய்தே கொடுத்துவிட்டு வந்தேன். வாதாட நேரமில்லை.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். மேல்தளத்தில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். எங்கள் பெயரில் உருப்படியான ஒரு வரி வந்துவிடாதா என்று இரண்டு மாதமாக நாய்படாத பாடு படுகிறோம். சலவைத் தொழிலாளியின் மகன் பொருளாதாரம் படித்தவன். வரவுசெலவுத் திட்டம் பற்றி எழுதிக் கொண்டுபோனால் "இதுல சலவைக்காரங்க எங்க வராங்க?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. நீங்கள் நாற்பத்தொரு முறை, முறைக்குப் பதினொரு வரி, இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதை மரியாதை என்கிறீர்கள்.

வண்டியிலிருந்து குதிப்பவர்கள் குதிக்கட்டும், டீச்சர். ஓட்டுகிறவள் ஏன் முக்காடு போட்டுக்கொண்டே ஓட்டவேண்டும்?

இனி கடிதம் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.

நிருபர்


மார்ச் 3

தங்கைக்கு,

கோபமாக எழுதும்போது உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

பத்து நாளாக அலமாரியைக் கவிழ்த்து அவருடைய குறிப்பேடுகளை எல்லாம் எடுத்தேன். நாற்பத்தொரு கருத்தையும் ஒவ்வொன்றாக வைத்துத் திருத்தினேன். சிவப்பு மையில்தான். முப்பத்தொன்பது சரி. இரண்டு தவறு. பதினேழாவது, அவர் குறிப்பேட்டில் இருந்த அளவை நம்பிச் சொன்னது, தவறு அவருடையது. முப்பதாவது, மேற்கு வடிகாலின் சரிவைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன். அது முழுக்க என் தவறு. ஊரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. ஐயா சொன்னால் தண்ணீர் மேடேறும் என்றுகூட நம்புவார்கள் போலிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அந்த இரண்டு தவறும் பக்கத்தில் வரவேண்டும். எது யாருடையது என்றும் வரவேண்டும். கிழக்குக் குழாய் என் கருத்து, அவருடையது அல்ல என்பதும் வரவேண்டும். அவர் அதை வேறொருவர் பெயரில் பார்த்தால்தான் நிம்மதியாக இருப்பார்.

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். பிறகு, "அப்ப அந்த பெஞ்ச் உதாரணம் உங்களுதா அண்ணி? அண்ணனுக்கு இவ்வளவு வராதேன்னு எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு" என்றாள். ஆல்பத்தின் மேல் ஒட்டியிருந்த அவர் படத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் என்னுடையதை ஒட்டப் படம் கேட்கிறாள்.

டீச்சர்


ஏப்ரல் 2

டீச்சர்,

ஞாயிறு இதழை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஒரு பத்திகூட எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், எல்லாம் புகார் மனு போல வந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பக்கம் கட்டினேன். நடுவில் ஐயாவின் மரணச் செய்தி, அதே மெல்லிய கோட்டோடு. சுற்றிலும் தேதி வரிசையில் நாற்பத்தொரு கருத்து, உங்கள் சிவப்பு மைத் திருத்தங்களோடு. மேலே ஒரே தலைப்பு: 'இவற்றைச் சொன்னவர்'. கீழே உங்கள் பெயர்.

ஆசிரியர் அம்மா முதலில் கண்ணாடி போடாமல் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தலைமை நிருபரைக் கூப்பிட்டார். அவர், "மேடம், ஒரு நிமிஷம், இத மூணு வரியில திருத்தம்னு ஒன்பதாம் பக்கத்துல போட்டுக்கலாமே" என்றார். ஆசிரியர் அம்மா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "நாப்பத்தொரு தடவை பேசியிருக்கீங்க. ஒரு தடவைகூட சௌக்கியமான்னு கேக்கலயா?" என்றார். தலைமை நிருபர், "நாலு மணிக்குப் பக்கம் போகும் மேடம்" என்றார். பாவம், அது உண்மையும்தான்.

இனிதான் வேடிக்கை. திங்கட்கிழமையிலிருந்து கடிதங்கள் வருகின்றன. எங்கள் பட்டியலில் உள்ள இருதய மருத்துவர் சார்பில் நான்கு ஆண்டாகப் பேசியது அவருடைய தலைமைச் செவிலியராம். விவசாய நிபுணர் சார்பில் பேசியது அவருடைய கார் ஓட்டுநர். அவருக்குத்தான் வயல் இருக்கிறதாம். கல்வி நிபுணருக்கு மருமகள். மூவரும், 'அந்தப் புவியியல் டீச்சரே சொல்லிவிட்டார், இனி எங்களுக்கென்ன' என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார்கள். மீதியுள்ள ஏழு பேரும் 'நான் நான்தான்' என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார்கள். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, பல ஆண்டுகளாகவே நாம் எல்லோருக்கும் இடம் கொடுத்துவந்திருக்கிறோம் என்று விளம்பரம் தரலாமா என்று கேட்டார். ஆசிரியர் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வந்த வழியே போய்விட்டார்.

கிழக்குப் பகுதியில் வேலை நிற்கவில்லை. மாறாக, மேற்கு வடிகாலை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் முப்பதாவது கருத்தில் இருந்த தவறால்.

என் வேலை நிரந்தரம். நேற்று உத்தரவு வந்தது. சலவைத் தொழிலாளியின் மகனுக்கு வரவுசெலவுத் திட்டம் போயிருக்கிறது. பட்டியலைப் புதிதாகப் போடுவது என் பொறுப்பு. உங்கள் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். மாட்டேன் என்றால் அழிக்க என்னிடம் ரப்பர் இல்லை.

உங்கள்,
தங்கை


ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைமை நிருபர்தான். "டீச்சர், சௌக்கியமா?" என்றார். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நானே "சௌக்கியம் தம்பி, விஷயத்துக்கு வாங்க" என்றேன்.

கடலோரக் கிணறுகளில் திடீரென்று உப்பு ஏறுகிறதாம். காரணம் என்ன என்று கேட்டார்.

எனக்கு நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஐயாவாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு காரணம் சொல்லியிருப்பார். அவர் பெயரில் பேசிய நாளெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். 'தெரியாது' என்று அவர் வாயில் வைக்க எனக்கு மனம் வந்ததே இல்லை. நேற்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையான ஒரு நிமிடம். தலைமை நிருபர் எதிர்முனையில் குறுக்கிடாமல் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி. நாளைக்குக் காலையில போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அதையே போட்டுக்கட்டுமா டீச்சர்?" என்றார்.

இன்று போட்டிருக்கிறார்கள். ஆறாம் பக்கம், மூன்றாம் பத்தி, என் பெயரில். ஒரே வரி. நாத்தனார் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தனிப் பக்கத்தில் ஒட்டவேண்டுமாம். நான் கிணறு பார்க்கக் கிளம்புகிறேன். செருப்பு போட்டாகிவிட்டது, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா